அளவுகோலும் கேள்விதான்: மேலாண்மை ஆய்வு மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்



எம்பிஏ புராஜெக்ட்டுக்காகவும் முனைவர் பட்டத்துக்காகவும் இப்போது வினாப்பட்டியல் தயாரித்துக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். ஆய்வு முறையியல் சொல்லிக்கொடுப்பதும், ஆய்வேடுகளைத் திருத்துவதும், வைவாவில் உங்கள் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பதும் என் பிழைப்பு. மூன்றாம் அத்தியாயத்துக்கு வந்தால் ஒரு வரி தவறாமல் கண்ணில் படும்: "தரவு திரட்ட ஐந்து புள்ளி லிக்கர்ட் அளவுகோல் பயன்படுத்தப்பட்டது." எத்தனை பேரிடம் கேட்டீர்கள் என்பதற்குச் சூத்திரம், அட்டவணை, இரண்டு பக்க விளக்கம் எல்லாம் இருக்கும். அளவுகோலுக்கு அந்த ஒரு வரிதான். ஏன் ஐந்து, ஏன் ஏழு இல்லை என்று கேட்டால், "கைடு சொன்னாங்க" என்றோ "பேஸ் பேப்பர்ல அப்படித்தான் இருந்துச்சு" என்றோ பதில் வரும்.

நான் சொல்ல வருவது இதுதான். கேள்வியை எழுதி முடித்த பிறகு கீழே ஒட்டவைக்கிற சமாச்சாரம் அல்ல அளவுகோல். அதுவும் கேள்வியின் ஒரு பகுதி. பதிலளிப்பவர் உங்கள் வாக்கியத்தை எவ்வளவு கவனமாகப் படிக்கிறாரோ, அதே கவனத்தோடு அதன் கீழே இருக்கும் கட்டங்களையும் படிக்கிறார். அங்கிருந்தும் பொருள் எடுத்துக்கொள்கிறார். கட்டங்களை மாற்றினால் நீங்கள் கேட்ட கேள்வியே மாறிவிடும், வருகிற எண்ணும் மாறிவிடும். அந்த எண்ணின் மேல்தான் உங்கள் ரிக்ரெஷனும் கருதுகோள் சோதனையும் நிற்கின்றன.

ஜெர்மனியில் நார்பர்ட் ஷ்வார்ட்ஸும் அவருடைய சகாக்களும் செய்த ஓர் ஆய்வு 1991-இல் வெளிவந்தது. "வாழ்க்கையில் நீங்கள் எவ்வளவு வெற்றி பெற்றிருக்கிறீர்கள்?" என்று மக்களிடம் கேட்டார்கள். எல்லோருக்கும் பதினொரு புள்ளிகள். இரு முனைகளுக்கும் எழுதப்பட்டிருந்த சொற்களும் ஒன்றே. ஒரு பகுதியினருக்கு மட்டும் எண்கள் 0-இலிருந்து 10 வரை அச்சிடப்பட்டிருந்தன. மற்றவர்களுக்கு –5-இலிருந்து +5 வரை. கணக்குப்படி இரண்டும் ஒன்றுதான். ஆனால் முதல் அளவுகோலில் 0 முதல் 5 வரையிலான கீழ்ப்பாதியைத் தேர்ந்தெடுத்தவர்கள் 34 சதவீதம். இரண்டாவதில் அதே கீழ்ப்பாதியை, அதாவது –5 முதல் 0 வரை, தேர்ந்தெடுத்தவர்கள் 13 சதவீதம்தான்.

காரணம் எளிது. 0 என்று பார்த்தவர், "வெற்றி என்று ஒன்றுமே இல்லை" என்று அதைப் புரிந்துகொண்டார். –5 என்று பார்த்தவருக்கு அதே புள்ளி "படுதோல்வி" என்று தெரிந்தது. பெரிய வெற்றி எதுவும் இல்லை என்று ஒப்புக்கொள்ள ஆள் கிடைக்கும். நான் தோற்றுப்போனவன் என்று கட்டம் போட யார் முன்வருவார்? உங்கள் ஆய்வில் "மேலாளரின் தலைமைத்திறன்" என்றோ "வேலையில் திருப்தி" என்றோ இருக்கும் இடத்தில் இதைப் பொருத்திப் பாருங்கள். எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி இருக்கிறதா இல்லையா என்பது, எத்தனை பேர் அதிருப்தியில் இருக்கிறார்கள் என்ற உங்கள் முடிவையே புரட்டிப்போடும்.

அதே ஷ்வார்ட்ஸ் குழுவின் 1985 ஆய்வு இன்னும் கூர்மையானது. தினமும் எவ்வளவு நேரம் தொலைக்காட்சி பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒரு குழுவுக்குத் தெரிவுகள் "அரை மணி வரை" என்று தொடங்கி "இரண்டரை மணிக்கு மேல்" என்று முடிந்தன. இன்னொரு குழுவுக்கு "இரண்டரை மணி வரை" என்று தொடங்கி "நாலரை மணிக்கு மேல்" வரை போயின. முதல் குழுவில் இரண்டரை மணிக்கு மேல் பார்ப்பதாகச் சொன்னவர்கள் 16.2 சதவீதம். இரண்டாவது குழுவில் 37.5 சதவீதம். யாரும் நிமிடக் கணக்கு எழுதி வைத்துக்கொண்டு டிவி பார்ப்பதில்லை. அதனால் கொடுத்த தெரிவுகளிலிருந்தே ஊகிக்கிறார்கள்: நடுவில் இருப்பதுதான் ஊர் வழக்கமாக இருக்கும், நானும் அதை ஒட்டித்தான் இருப்பேன்.

கதை அதோடு முடியவில்லை. முதல் குழுவில் பலர் தங்கள் கட்டம் பட்டியலின் கடைசிப் பக்கம் விழுந்ததைப் பார்த்து, "ஊரில் எல்லோரையும் விட நான்தான் அதிகம் பார்க்கிறேன் போலிருக்கிறது" என்று எண்ணிக்கொண்டார்கள். ஓய்வு நேரத்தைக் கழிக்கும் விதத்தில் திருப்தியா என்று அடுத்துக் கேட்டபோது, அந்தக் குழுவின் திருப்தியும் குறைந்தது. ஒரு கேள்வியின் கட்டங்கள் அடுத்த கேள்வியின் பதிலையும் கெடுத்துவிட்டன. உங்களில் எத்தனை பேர் "வாரத்தில் எத்தனை மணி நேரம் ஓவர்டைம்?" என்று வரம்புகள் கொடுத்துக் கேட்டுவிட்டு, அடுத்த பக்கத்தில் மன அழுத்தம் பற்றிக் கேட்கிறீர்கள்? இரண்டுக்கும் உறவு இருக்கிறது என்று உங்கள் அட்டவணை காட்டலாம். அந்த உறவில் ஒரு பங்கு நீங்கள் போட்ட வரம்புகளால் வந்ததாக இருக்கலாம். வரம்புகள் தராமல், எத்தனை மணி என்று அவர்களையே எழுதச் சொன்னால் இந்தச் சிக்கலே இல்லை.

லிக்கர்ட் பெயரைத்தான் எல்லோரும் சொல்கிறீர்கள். அவர் செய்தது என்ன என்று பார்ப்போம். மனப்பான்மையை அளக்க முடியும் என்று 1928-இல் லூயி தர்ஸ்டன் அடித்துச் சொன்னார். ஆனால் அவருடைய முறை பெரிய வேலை. பெருந்திரளான நடுவர்களை உட்காரவைத்து, கூற்றுகளை 11 அடுக்குகளாகப் பிரிக்கச் சொல்ல வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் செய்துகொண்டிருந்த ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் சுருக்கு வழி ஒன்றைக் காட்டினார். நடுவர்களே வேண்டாம். பதிலளிப்பவர் ஒவ்வொரு கூற்றையும் எவ்வளவு ஏற்கிறார் என்று சொல்லட்டும், 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுக் கூட்டிவிடலாம். சிக்கலான கணக்கில் வந்த மதிப்பெண்ணும் இந்த எளிய கூட்டலில் வந்ததும் ஏறக்குறைய ஒத்துப்போயின.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. லிக்கர்ட் அளவுகோல் என்பது பல கூற்றுகளின் கூட்டுத்தொகை. ஒரே ஒரு கேள்வியின் கீழே ஐந்து கட்டம் போட்டுவிட்டால் அது லிக்கர்ட் அளவுகோல் ஆகிவிடாது. அடுத்து, ஐந்து என்பது அவர் விதித்த சட்டம் அல்ல. அதே ஆய்வில் "ஆம்", "இல்லை", நடுவே ஒரு கேள்விக்குறி என்று மூன்றே தெரிவுகள் கொண்ட கேள்விகளும் இருந்தன.

அப்படியானால் எத்தனை புள்ளி வேண்டும்? இங்கிலாந்தில் பிரெஸ்டன், கோல்மன் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓரளவு பதில் சொல்கிறது. சமீபத்தில் போய்வந்த ஒரு கடையையோ உணவகத்தையோ மதிப்பிடச் சொல்லி, இரண்டு புள்ளியிலிருந்து தொடங்கிப் பல நீளங்களில் அளவுகோல்களைக் கொடுத்தார்கள். இரண்டு, மூன்று, நான்கு புள்ளிகள் பெரும்பாலான வகைகளில் பின்தங்கின. ஏழு, அதற்கு மேல் போனபோது ஆளுக்கு ஆள் வேறுபாடு நன்றாகத் தெரிந்தது. பத்தைத் தாண்டினால், அதே ஆளிடம் மறுபடி கேட்கும்போது கிடைக்கும் பதில் முன்புபோல் ஒத்துப்போகவில்லை. மக்களுக்குப் பிடித்தது பத்துப் புள்ளி. அதை ஒட்டி ஏழும் ஒன்பதும். ஆக ஐந்து ஒன்றும் குற்றமில்லை. அதற்குப் பின்னால் ஒரு காரணம் வேண்டும், அவ்வளவே. முகம் பார்த்துக் கேட்கிறீர்களா, படித்துப் பழகியவர்களிடம் தாளில் கேட்கிறீர்களா, சின்னச் சின்ன வேறுபாடு உங்களுக்குத் தேவையா என்பதைப் பொறுத்து ஐந்தோ ஏழோ ஆகட்டும்.

காரணம் சில நேரம் கருவியிலேயே ஒளிந்திருக்கும். கூகுள் ஃபார்மில் லீனியர் ஸ்கேல் எடுத்தால் இரு முனைகளுக்கு மட்டும்தான் பெயர் எழுத இடம். நடுவில் வெறும் எண்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் பெயர் வேண்டுமென்று கிரிட் எடுத்தால், கைபேசித் திரையில் ஏழு கட்டங்களும் ஒருசேரத் தெரியாமல் போகலாம். பக்கவாட்டில் தள்ளிப் பார்க்காதவருக்கு உங்கள் ஏழு புள்ளி, நான்கு புள்ளிதான். மடிக்கணினியில் அழகாகத் தெரிகிறதே என்று லிங்க்கை அனுப்பிவிடுகிறீர்கள். நிரப்புகிறவர் பஸ்ஸில் நின்றுகொண்டு ஒரு கையால் நிரப்புகிறார்.

நடுப்புள்ளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஷுமன், பிரெஸ்ஸர் இருவரும் 1981-இல் எழுதிய நூலில் இதை விரிவாகப் பார்த்தார்கள். நடுவில் ஒரு தெரிவு கொடுத்தால் கணிசமானவர்கள் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். கொடுக்காவிட்டால் இரு பக்கமும் பிரிந்துவிடுகிறார்கள். பொதுவாக ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் உள்ள விகிதம் பெரிதாக மாறுவதில்லை. ஆனால் அலுவலகங்களில் செய்யும் ஆய்வில் நடுப்புள்ளிக்குள் பல பேர் கலந்து கிடக்கிறார்கள். உண்மையிலேயே இரண்டும் கெட்டான் நிலையில் இருப்பவர், இந்த விஷயமே தெரியாதவர், சில நாள் அப்படி சில நாள் இப்படி என்று நினைப்பவர், உண்மையைச் சொன்னால் எச்ஆர் காதுக்குப் போய்விடுமோ என்று பயப்படுபவர். நான்கு பேருக்கும் நீங்கள் 3 என்று மதிப்பெண் போட்டுச் சராசரியில் சேர்க்கிறீர்கள். "தெரியாது" என்பதற்கும் "எனக்குப் பொருந்தாது" என்பதற்கும் அளவுகோலுக்கு வெளியே தனிக் கட்டம் கொடுத்தாலே பாதித் தொல்லை தீரும்.

இனி "உடன்படுகிறேன் – உடன்படவில்லை" விவகாரம். உங்கள் வினாப்பட்டியலில் அடிக்கடி வரும் ஒரு கூற்றை எடுத்துக்கொள்வோம்: "என் மேலாளர் அவ்வப்போது என் ஆலோசனையைக் கேட்கிறார்." இதற்கு ஒருவர் "உடன்படவில்லை" என்று டிக் போடுகிறார். என்ன அர்த்தம்? மேலாளர் கேட்பதே இல்லை என்பதா? அல்லது அவ்வப்போது என்ன, எல்லாவற்றுக்கும் என்னைத்தானே கேட்கிறார் என்பதா? ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு ஆட்கள் ஒரே கட்டத்தில் நிற்கிறார்கள். இதையே "உங்கள் மேலாளர் எவ்வளவு அடிக்கடி உங்கள் ஆலோசனையைக் கேட்கிறார்?" என்று மாற்றி, "ஒருபோதும் இல்லை" என்பதிலிருந்து "எப்போதும்" வரை தெரிவுகள் கொடுத்தால் குழப்பம் ஒழிந்தது. சாரிஸ், ரெவிய்யா, குரோஸ்னிக், ஷேஃபர் நால்வரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இப்படி இரண்டு விதமாகவும் கேட்டு ஒப்பிட்டது. கேள்விக்கேற்ற தெரிவுகளைக் கொடுத்தபோது தரவின் தரம் கூடியது.

உடன்பாட்டு அளவுகோலில் இன்னொரு நோய், ஆமாம் சாமி போடுவது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குத் தரவு திரட்டப் போன மாணவர்கள் யாரைக் கேட்டாலும் இது தெரியும். மதியச் சாப்பாட்டு நேரம். தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து, டிபன் பாக்ஸைத் திறக்கும் அக்காவிடம் கூற்றைப் படித்துக் காட்டி, "முற்றிலும் உடன்படுகிறேன், உடன்படுகிறேன், நடுநிலை, உடன்படவில்லை, முற்றிலும் உடன்படவில்லை, எதுங்க்கா?" என்று மாணவர் கேட்கிறார். இரண்டடி தள்ளி சூப்பர்வைசர் நிற்கிறார். அந்த அக்கா சொல்கிறார்: "நீயே நல்லதா ஒண்ணு போட்டுக்க கண்ணு." மாணவர் 4 போட்டுக்கொள்கிறார். முப்பது கூற்றுக்கும் இதேதான். அக்காவைப் பொறுத்தவரை மரியாதைக் குறைவு காட்டக்கூடாது, வந்த பிள்ளையின் வேலை முடிய வேண்டும், சூப்பர்வைசரிடம் வம்பு வேண்டாம். மூன்றுக்கும் தோதான பதில் 4.

வாயால் படித்துக் காட்டினால் இன்னொன்றும் நடக்கும். குரோஸ்னிக்கும் ஆல்வினும் 1987-இல் இதை விளக்கினார்கள். தாளிலோ அட்டையிலோ தெரிவுகளைப் பார்ப்பவர்கள் மேலே இருப்பவற்றின் பக்கம் சாய்வார்கள். காதால் கேட்பவர்கள் கடைசியில் கேட்டதன் பக்கம் சாய்வார்கள், ஏனென்றால் அதுதான் நினைவில் நிற்கும். ஆகவே அலுவலக ஊழியர்களிடம் லிங்க் அனுப்பியும் தொழிலாளர்களிடம் படித்துக் காட்டியும் வாங்கிய தரவை ஒரே அட்டவணையில் போட்டு, "இரு பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு உள்ளது" என்று எழுதாதீர்கள். அந்த வேறுபாட்டில் எவ்வளவு ஆட்களால் வந்தது, எவ்வளவு கேட்ட விதத்தால் வந்தது என்று பிரித்துச் சொல்ல உங்களால் முடியாது.

"ஆமாம் போடுகிறவர்களைப் பிடிக்கத்தான் சில கூற்றுகளை எதிர்மறையாக எழுதுகிறோமே" என்பீர்கள். இதற்கு மேலாண்மைத் துறையிலேயே பாடமாகிவிட்ட ஒரு கதை இருக்கிறது. ஹேக்மனும் ஓல்டமும் 1975-இல் வெளியிட்ட ஜாப் டயக்னாஸ்டிக் சர்வே, வேலையின் ஐந்து அடிப்படைப் பண்புகளை அளப்பது: திறன்களின் பன்மை, வேலையின் முழுமை, வேலையின் முக்கியத்துவம், தன்னுரிமை, பின்னூட்டம். உலகம் முழுக்க இதைப் பயன்படுத்தினார்கள். ஆனால் தரவைக் காரணிப் பகுப்பாய்வு செய்தவர்களுக்கு ஐந்து காரணிகள் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. தொழிலாளர்களின் வயது, படிப்பு என்று பல சமாதானங்கள் சொல்லப்பட்டன. 1987-இல் இடாஷக்கும் டிராஸ்கோவும் கேள்வித்தாளையே சந்தேகித்தார்கள். அவர்களுடைய பகுப்பாய்வில் ஐந்தோடு ஆறாவதாக ஒரு காரணி வந்தது. வேலையின் எந்தப் பண்பும் அதில் இல்லை. எதிர்மறையாக எழுதப்பட்ட கூற்றுகள் எல்லாம் ஒன்றாகத் திரண்டு நின்றிருந்தன. அவற்றை நேர்மறையாக மாற்றி எழுதிப் பார்த்தபோது ஐந்து காரணிகளும் ஒழுங்காக வந்தன. 12 ஆண்டுகளாகத் தொழிலாளர்களின் மேல் போடப்பட்ட பழி கேள்வித்தாளுக்கு உரியது.

இப்படி ஒரு போலிக் காரணி உருவாக எத்தனை பேர் கவனக்குறைவாக இருக்க வேண்டும்? ஷ்மிட், ஸ்டல்ட்ஸ் இருவரும் 1985-இல் கணக்கிட்டுக் காட்டியது: பத்துப் பேரில் ஒருவர் "இல்லை" என்ற சொல்லைக் கவனிக்காமல் டிக் அடித்தால் போதும். எதிர்மறைக் கூற்றே கூடாது என்று சொல்லவில்லை. போட்டால், அவை தனியாகத் திரள்கின்றனவா என்று பார்க்க வேண்டும். போடாவிட்டால் வேறொரு பொறி இருக்கிறது. எல்லாக் கூற்றும் ஒரே திசையில் இருந்து, ஒருவர் எல்லாவற்றுக்கும் 4, இன்னொருவர் எல்லாவற்றுக்கும் 2 என்று நேர்கோடு போட்டுவிட்டால் குரோன்பாக் அல்பா 0.9-ஐத் தாண்டிக் குதிக்கும். அந்த உயர்ந்த அல்பாவைக் காட்டி நம்பகத்தன்மை நிரூபிக்கப்பட்டது என்று எழுதுகிறீர்கள். நிரூபணமானது அவர்களுடைய அலுப்பாக இருக்கலாம்.

இதன் நீட்சிதான் பொதுமுறைச் சார்பு. தலைமைத்திறனையும், திருப்தியையும், வேலையை விட்டுப் போகும் எண்ணத்தையும் ஒரே ஆளிடம், ஒரே நாளில், ஒரே ஐந்து கட்டங்களில் கேட்டால், அவற்றுக்கிடையே வரும் உறவில் ஒரு பங்கு அந்தக் கட்டங்களுக்குச் சொந்தம். பொட்சாகாஃபும் சகாக்களும் 2003-இல் எழுதிய கட்டுரையை உங்களில் பலர் மேற்கோள் காட்டுகிறீர்கள். மேற்கோள் காட்டிவிட்டு ஹார்மன் சோதனை ஒன்றை ஓட்டி, "சார்பு இல்லை" என்று முடித்துவிடுகிறீர்கள். அந்தக் கட்டுரையே அந்தச் சோதனையைப் போதாது என்கிறது. வினாப்பட்டியலை வடிவமைக்கும்போதே செய்ய வேண்டியவற்றை விரிவாகச் சொல்கிறது. ஒரு மாறிக்கு ஒரு வகை அளவுகோல், இன்னொன்றுக்கு வேறு வகை. இடையில் கால இடைவெளி. முடிந்தால் வேறு ஆளிடமிருந்து தரவு. இவை தரவு வந்த பிறகு மென்பொருளில் செய்ய முடியாதவை.

பூக்காரம்மா முழம் போடும்போது கை நீளமானவரின் முழம் நீளம். பதில் சொல்வதிலும் ஆளுக்கொரு முழம் உண்டு. சிலர் எதற்கெடுத்தாலும் உச்சத்துக்குப் போவார்கள், சிலர் நடுவை விட்டு நகர மாட்டார்கள். அமெரிக்கக் கடற்படையினரிடம் ஹுய், டிரையாண்டிஸ் இருவரும் செய்த ஆய்வு 1989-இல் வந்தது. ஐந்து புள்ளி அளவுகோலில் ஹிஸ்பானிக் பின்னணி கொண்டவர்கள் மற்றவர்களை விட இரு முனைகளையும் அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். அதே கேள்விகளைப் பத்துப் புள்ளியில் கேட்டபோது அந்த வேறுபாடு காணாமல் போனது. ஐந்து புள்ளியோடு நின்றிருந்தால் இதைப் பண்பாட்டு வேறுபாடு என்று ஓர் அத்தியாயமே எழுதியிருக்கலாம். வடமாநிலத் தொழிலாளர்களையும் உள்ளூர்த் தொழிலாளர்களையும் ஒப்பிடப் புறப்படுகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.

இதெல்லாம் ஆய்வேட்டோடு போகிற விஷயம் என்று நினைக்க வேண்டாம். லாரன் ரிவேரா, அண்ட்ராஷ் டில்ச்சிக் இருவரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். வட அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் மாணவர்கள் ஆசிரியர்களை மதிப்பிடும் படிவத்தைப் பத்துப் புள்ளியிலிருந்து ஆறு புள்ளிக்கு மாற்றினார்கள். பத்துப் புள்ளி இருந்தபோது, ஆண்கள் பெரும்பான்மையாக உள்ள துறைகளில் பெண் ஆசிரியர்களுக்கு மதிப்பெண் தெளிவாகக் குறைவாக இருந்தது. ஆறுக்கு மாறியதும் அந்த இடைவெளி மறைந்தது. பிறகு ஒரே விரிவுரையை எழுத்தில் கொடுத்து, ஆசிரியர் பெயரை மட்டும் ஆணாகவும் பெண்ணாகவும் மாற்றிச் சோதித்தார்கள். அங்கும் அதே முடிவு. பத்துக்குப் பத்து என்றால் மேதை என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. அந்த இடத்தில் பெண்ணை வைத்துப் பார்க்க மனம் தயங்குகிறது. ஆறுக்கு ஆறு என்பதற்கு அந்த ஒளிவட்டம் இல்லை. பாரபட்சம் மனதை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தமில்லை, அது வெளிப்பட இடம் கிடைக்கவில்லை. பதவி உயர்வும் சம்பள உயர்வும் இப்படிப்பட்ட மதிப்பெண்களைப் பார்த்து முடிவாகும் இடங்களில், எத்தனை புள்ளி என்பது நிர்வாகத்தின் சில்லறை முடிவு ஆகாது.

தரவு கைக்கு வந்த பிறகு நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். சராசரி 3.8 என்று வந்ததும் ஐந்தால் வகுத்து "76 சதவீதம் திருப்தி" என்று எழுதுகிறீர்கள். உங்கள் அளவுகோல் 0-இல் தொடங்கவில்லை, 1-இல் தொடங்குகிறது. இந்தக் கணக்கின்படி எல்லோரும் "முற்றிலும் அதிருப்தி" என்று சொல்லியிருந்தாலும் 20 சதவீதம் திருப்தி வரும். எல்லோரும் நடுவில் நின்றாலும் 60 சதவீதம் வரும். அந்த 3.8 உண்மையில் அளவுகோலின் நீளத்தில் 70 சதவீதத்தில் இருக்கிறது. சராசரியே சரியா என்பதும் ஒரு கேள்வி. ஒரு கிளையில் பத்துப் பேரும் 3 போடுகிறார்கள். இன்னொன்றில் ஐந்து பேர் 1, ஐந்து பேர் 5. இரண்டுக்கும் சராசரி 3. முதல் கிளை மந்தமாக இருக்கிறது, இரண்டாவது கிளை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. லிடெல், குருஷ்கே இருவரும் 2018-இல் காட்டியதுபோல, வரிசைத் தரவைச் சாதாரண எண்ணாகப் பாவித்தால் இல்லாத வேறுபாடு இருப்பதாகத் தெரியலாம், இருப்பது தெரியாமல் போகலாம், சில நேரம் முடிவே தலைகீழாகலாம்.

நிறுவனங்கள் கொண்டாடும் என்பிஎஸ் (நெட் ப்ரொமோட்டர் ஸ்கோர்) மதிப்பெண்ணும் இதற்கு விலக்கல்ல. ஃபிரெட் ரைக்கெல்ட் 2003 டிசம்பரில் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் அறிமுகப்படுத்தியது அது. பிறருக்குப் பரிந்துரைப்பீர்களா என்று 0 முதல் 10 வரை கேட்டு, 9-ம் 10-ம் போட்டவர்களின் சதவீதத்திலிருந்து 0 முதல் 6 வரை போட்டவர்களின் சதவீதத்தைக் கழிக்க வேண்டும். 7-ம் 8-ம் இரண்டு பக்கத்திலும் சேராது. ஒரு கடையில் 100 வாடிக்கையாளர்களும் 8 போடுகிறார்கள் என்று வையுங்கள். மதிப்பெண் 0. பக்கத்துக் கடையில் 60 பேர் 10, 40 பேர் 0. மதிப்பெண் +20. நூற்றுக்கு நாற்பது பேர் காறித் துப்பிய கடை, எல்லோரும் நல்லது என்ற கடையை முந்திவிட்டது. எல்லோரும் 6 போட்ட கடைக்கும் எல்லோரும் 0 போட்ட கடைக்கும் ஒரே –100. பதினொரு புள்ளிகளில் வாங்கிய தகவலை மூன்று கூடையில் கொட்டியதன் விளைவு இது.

"நாங்கள் பயன்படுத்துவது ஏற்கெனவே நிறுவப்பட்ட அளவுகோல், அதில் கை வைக்கக்கூடாது" என்று சிலர் சொல்வார்கள். நல்ல வாதம். ஆனால் நிஜத்தில் நீங்கள் கை வைக்கிறீர்கள். மூலத்தில் "ஒருபோதும் இல்லை" முதல் "தினமும்" வரை 0–6 எண்களில், எவ்வளவு அடிக்கடி என்று கேட்டிருப்பார்கள். நீங்கள் கூற்றுகளை மட்டும் எடுத்துக்கொண்டு கீழே வழக்கமான ஐந்து உடன்பாட்டுக் கட்டங்களைப் போடுகிறீர்கள். பிறகு மூல ஆசிரியரின் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போட்டு, நம்பகத்தன்மையை இரவல் வாங்குகிறீர்கள். அளவுகோல் மாறியதும் அந்தச் சான்று செல்லாது. மாற்றக்கூடாது என்பதில்லை. மாற்றினேன் என்று எழுதி, மாற்றிய வடிவத்துக்கு நீங்களே சோதனை செய்து காட்ட வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு செய்யச் சொல்வது அதிகமில்லை. ஒவ்வொரு மாறியையும் எடுத்து, நான் அளக்க விரும்புவது எவ்வளவு அடிக்கடி என்பதா, எவ்வளவு அதிகம் என்பதா, எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தெரிவுகளை அதற்கேற்ப எழுதுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் பெயர் கொடுங்கள். கழித்தல் குறியைக் காரணமில்லாமல் போடாதீர்கள். லிங்க்கை அனுப்புவதற்கு முன், உங்கள் ஆய்வில் வரக்கூடிய நாலைந்து பேரை நேரில் பிடித்து, ஒவ்வொரு டிக்குக்கும் "ஏன் இதைப் போட்டீங்க?" என்று கேளுங்கள். அரை நாள் வேலை. அல்பா கண்டுபிடிக்காததை அந்தப் பேச்சு கண்டுபிடித்துவிடும். முன்னோட்ட ஆய்வில் பாதிப் பேருக்கு ஐந்து புள்ளியும் பாதிப் பேருக்கு ஏழு புள்ளியும் குலுக்கிக் கொடுத்துப் பாருங்கள். முடிவு ஒத்துப்போனால் நிம்மதி. ஒத்துப்போகாவிட்டால் உங்கள் ஆய்வேட்டின் மிகச் சுவையான பக்கம் அதுவாகவே இருக்கும்.

ஆய்வேட்டில் அளவுகோலுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எத்தனை புள்ளி, ஏன், என்ன பெயர்கள், எந்த வரிசையில், தாளிலா கைபேசியிலா வாய்மொழியாகவா, மூலத்திலிருந்து என்ன மாற்றினீர்கள் என்று எல்லாம் அதில் வரட்டும். முடிவுகளில் சராசரியோடு நிறுத்தாமல், ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் என்ற அட்டவணையையும் போடுங்கள். படிக்கிறவர் தானே பார்த்து முடிவு செய்யட்டும்.

வினாப்பட்டியலை இன்னும் அனுப்பாதவர்களுக்கு இவை எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது. அனுப்பித் தரவும் வாங்கிவிட்டவர்கள், இந்த அளவுகோல் என் முடிவை எந்தப் பக்கம் தள்ளியிருக்கக்கூடும் என்று "வரம்புகள்" பகுதியில் ஒரு பத்தி எழுதுங்கள். அதற்காக வைவாவில் யாரும் மதிப்பெண்ணைக் குறைக்கப்போவதில்லை. நான் நிச்சயம் குறைக்க மாட்டேன். யோசித்துச் செய்த ஆய்வு என்பதற்கு அந்தப் பத்திதான் சான்று.

அன்புடன்,
ஆய்வு முறையியல் கற்பிக்கும் ஒருவர்